படிப்படியாக மீளும் பழைய மகிழுந்து

ஒரு மகிழுந்தின் ஆயுள் எத்தனை ஆண்டு? பத்தா, பதினைந்தா, இருபதா? வண்டி பழையதாகிவிட்டால் அதை விற்றுவிட்டுப் புதியதை வாங்குவதே பெரும்பாலோரின் வழக்கம். ஆனால், ஐம்பது அறுபது வயதைக் கடந்த 'ஸ்போர்ட்ஸ் கார்' எனப்படும் விரைவு மகிழுந்துகள் பல, பிரிட்டனின் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தயாரித்த தொழிற்சாலைகள் பல மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. அவற்றை வைத்திருப்போர் எல்லாரும் பெருஞ்செல்வர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பொறியாளர்களும் அல்லர். பிறகு எப்படி அந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன? எம்.ஜி.பி. என்னும் புகழ்பெற்ற மகிழுந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண்போம்.

ஆபிங்டனில் பிறந்த வண்டி

'எம்.ஜி.' என்பது 'மோரிஸ் கராஜஸ்' என்னும் பெயரின் சுருக்கம். வில்லியம் மோரிஸ் என்பவர் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் நடத்திவந்த மகிழுந்து விற்பனை நிலையத்தின் பெயர் அது. அங்கு மேலாளராகப் பணியாற்றிய செசில் கிம்பர், 1920களில், சாதாரண மோரிஸ் மகிழுந்துகளுக்கு அழகிய உடற்கூடுகளைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அவற்றுக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. 1929ஆம் ஆண்டு எம்.ஜி. நிறுவனம், ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் என்னும் சிறுநகருக்கு இடம் மாறியது. தோல் பதனிடும் ஆலையாக இருந்த கட்டடத்தின் ஒரு பகுதியே அதன் தொழிற்சாலையாயிற்று.

எம்.ஜி.பி. 1962ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அறிமுகமானது. இருவர் அமரக்கூடிய, கூரையை மடக்கித் திறந்துகொள்ளக்கூடிய சிறிய வண்டி அது. நான்கு சிலிண்டர்கள் கொண்ட அதன் இயந்திரத்தின் கொள்ளளவு 1798 சி.சி.; அது மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வல்லது. 1965ஆம் ஆண்டு நிலையான கூரை கொண்ட 'ஜி.டி.' வகையும் வெளிவந்தது. 1980ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டபோது எம்.ஜி.பி.யின் உற்பத்தியும் நின்றது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாரிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின.

இந்த எண்ணிக்கையே பிற்காலத்தில் எம்.ஜி.பி.யின் பலமாக அமைந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வகை வண்டியை வைத்திருந்ததால், உதிரிப்பாகங்களைத் தொடர்ந்து தயாரித்து விற்பது பலருக்குத் தொழிலாயிற்று. பழுதுபார்க்கும் அறிவும் கைமாறிக் கைமாறிப் பரவியது.

துரு என்னும் எதிரி

எம்.ஜி.பி.க்கு முன்பு வெளிவந்த எம்.ஜி.ஏ. வண்டிக்கு உறுதியான இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருந்தது. உடற்கூடு அச்சட்டத்தின் மேல் பொருத்தப்பட்டிருந்தது. எம்.ஜி.பி.க்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. தரை, பக்கச் சுவர்கள், முன்பகுதி, பின்பகுதி ஆகிய எல்லாத் தகடுகளும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நின்று பாரத்தைத் தாங்குகின்றன. இதனால் வண்டியின் எடை குறைந்தது. உள்ளே இடமும் கூடியது. ஆனால், இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தகடு துருப்பிடித்தால் வண்டியின் அழகு மட்டும் கெடுவதில்லை. அதன் எலும்பே பலவீனமடைகிறது.

பிரிட்டனில் குளிர்காலத்தின்போது சாலைகளில் பனி உறைந்துவிடும். வண்டிகள் வழுக்காமல் இருப்பதற்காகச் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள். உப்பு கலந்த நீர், தூய நீர் உறையும் வெப்பநிலையில் உறையாது. சாலைக்கு நன்மை செய்யும் இந்த உப்பு, இரும்புக்குப் பகையாகிறது. இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் துரு உண்டாகிறது. உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் அந்த வேதிவினை விரைவாக நடைபெறுகிறது. மேலும், துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே, இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் துரு தோன்றினால், அது அவற்றை உள்ளிருந்தே பிளக்கிறது.

வண்டியின் பளபளப்பான வண்ணத்தைக் கண்டு மயங்குவோர் இதை அறியமாட்டார்கள். துருப்பிடித்த ஓட்டையைப் பசையால் நிரப்பி, தேய்த்து, வண்ணம் பூசி மறைத்துவிட முடியும். அனுபவம் உள்ளவர்கள் பழைய வண்டியை வாங்கச் செல்லும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையில் எடுத்துச் செல்வார்கள். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டும், பசையில் ஒட்டாது. ஒரு காந்தம் ஆயிரக்கணக்கான பவுண்டு நட்டத்தைத் தடுத்துவிடக்கூடும்!

இரண்டு வழிகள்

பழைய எம்.ஜி.பி. ஒன்றை வாங்கியவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. வண்டியை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தூய்மை செய்து, புதிதாக வண்ணம் பூசி, மீண்டும் பூட்டுவது முதல் வழி. வண்டியை ஓட்டிக்கொண்டே, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று படிப்படியாகச் சீரமைப்பது இரண்டாவது வழி.

முதல் வழி விரைவானதுபோல் தோன்றும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற ஆசையோடு பலர் அதில் இறங்குகின்றனர். பிரிப்பது எளிது, ஒரு வார இறுதியிலேயே வண்டியின் பாதி பெட்டிகளுக்குள் போய்விடும். பூட்டுவதுதான் கடினம். மாதங்கள் கடக்கும்போது எந்தத் திருகு எந்த இடத்துக்கு உரியது என்பது மறந்துபோகும். கையிருப்புக் கரையும். வேலை மாற்றம், வீடு மாற்றம், குழந்தை பிறப்பு என்று வாழ்க்கை வேறு திசையில் இழுக்கும். இறுதியில், பல வண்டிகள் கொட்டகையின் மூலையில் தூசி படிந்து கிடந்து, 'பாதி முடிந்த வேலை' என்ற குறிப்போடு விற்பனைக்கு வருகின்றன.

இரண்டாவது வழியில் வண்டி எப்போதும் வண்டியாகவே இருக்கும். ஒரு வாரம் உழைத்தால் அடுத்த வாரம் ஓட்டிப் பார்க்கலாம். செய்த வேலை சரியா, தவறா என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றிய பிறகு புதிய சத்தம் ஒன்று கேட்டால், அதன் காரணத்தை எளிதில் ஊகிக்கலாம். நூறு பாகங்களை ஒன்றாக மாற்றியவருக்கு அது முடியாது. செலவும் பல ஆண்டுகளுக்குப் பங்கிடப்படுகிறது. 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் முன்னோர் சொன்னது இங்கே பொருந்தும்.

எதை முதலில் செய்வது?

படிப்படியாகச் செய்வது என்றால் மனம் போனபடி செய்வது என்று பொருளன்று. வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. வண்டியை நிறுத்தும் உறுப்புகளுக்கே முதலிடம். ஓடவைக்கும் உறுப்புகள் அடுத்து வரும். அழகுக்குக் கடைசி இடம்.

தொடக்ககால எம்.ஜி.பி.யின் பிரேக் அமைப்பு ஒரே சுற்றாக அமைந்தது. மிதிகட்டையை மிதித்தால், பிரேக் எண்ணெயின் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றின் வழியாகச் செல்லும். அந்தச் சுற்றில் ஏதேனும் ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் பிரேக்கை இழக்கும். மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. ஆகவே, துருப்பிடித்த இரும்புக் குழாய்களை அகற்றிவிட்டு, துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவைக் குழாய்களைப் பலர் பொருத்துகின்றனர். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் கூடினால் அதன் கொதிநிலை குறையும். குழாய்களும் உள்ளிருந்து அரிக்கும். எனவே, அதையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்ற வேண்டும்.

டயர்களின் வயதையும் பார்க்க வேண்டும். பழைய மகிழுந்து ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடக்கூடும். அதனால் டயரின் பள்ளங்கள் தேயாமல் புதியவைபோலவே தோன்றும். ஆனால், ரப்பர் இறுகி வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லிவிடும். '2318' என்று இருந்தால், அது 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள்.

அடுத்தது எரிபொருள் குழாய். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் பிரிட்டனில் விற்கப்படும் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைச் சிதைக்கக்கூடியது. குழாய் கசிந்து சூடான இயந்திரத்தின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டி தீப்பற்றும் அபாயம் உண்டு. அதனால், பழைய வண்டிகளை வைத்திருப்போர் எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களைப் பொருத்துகின்றனர். எத்தனால் குறைவான பெட்ரோலைத் தேடி வாங்குகின்றனர்.

இருக்கை உறை கிழிந்திருப்பதும், வண்ணம் மங்கியிருப்பதும் கண்ணை உறுத்தலாம். அவை காத்திருக்கும், பிரேக் காத்திருக்காது.

செவியும் கையும்

இன்றைய மகிழுந்துகளில் எரிபொருளின் அளவைக் கணினி தீர்மானிக்கிறது. எம்.ஜி.பி.யில் கணினி இல்லை. அந்த வேலையை 'எஸ்.யு.' வகையைச் சேர்ந்த இரண்டு கார்புரேட்டர்கள் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் உந்துதண்டு இருக்கிறது. இயந்திரம் காற்றை இழுக்கும் அளவுக்கு ஏற்ப அது மேலே எழும்புகிறது. அதன் அடியில் உள்ள ஊசி நுனியை நோக்கிச் சிறுத்துச் செல்வது. உந்துதண்டு உயர உயர ஊசியும் உயர்ந்து, பெட்ரோல் செல்லும் துளையை மேலும் திறந்துவிடுகிறது. உந்துதண்டு சட்டென்று துள்ளாமல் இருக்க, மேலே உள்ள சிறு குழலில் எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். அந்த எண்ணெய் தீர்ந்துவிட்டால், ஓட்டுநர் வேகத்தைக் கூட்டும்போது வண்டி தயங்கும்.

இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் எளிய கருவி ஒரு ரப்பர் குழாய். அதன் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்தால், காற்று உள்ளே செல்லும் 'ஸ்ஸ்' என்ற ஓசை கேட்கும். இரண்டிலும் ஓசை ஒன்றுபோல் ஒலிக்கும் வரை திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். மருத்துவர் நெஞ்சொலியைக் கேட்பதுபோல, இங்கே செவியே அளவுகோல் ஆகிறது.

மின்கம்பிகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பழுப்புக் கம்பி மின்கலத்திலிருந்து நேராக வருவது. கறுப்புக் கம்பி வண்டியின் உடலோடு இணைவது. நீலம் முன்விளக்குகளுக்கு உரியது. சிவப்பு சிறுவிளக்குகளுக்கு உரியது. இந்த நிறங்களைக் கற்றுக்கொண்டால், கம்பிகளின் காடு ஒரு வரைபடமாக மாறிவிடும். விளக்கு மங்குவது, மினுக்குவது போன்ற கோளாறுகளுக்குப் பல நேரங்களில் காரணம், கறுப்புக் கம்பி உடலோடு இணையும் இடத்தில் படிந்த துருவே. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் முடுக்கினாலே போதும். விலையுயர்ந்த பாகத்தை வாங்குவதற்குமுன் மலிவான காரணத்தைத் தேடு என்பதே பழைய வண்டி கற்பிக்கும் பாடம்.

நிறுத்திச் செய்ய வேண்டிய வேலை

எல்லா வேலையையும் வண்டியை ஓட்டிக்கொண்டே செய்துவிட முடியாது. கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே பெட்டி வடிவில் ஓடும் பகுதியை 'சில்' என்பார்கள். திறந்த வண்டிக்குக் கூரை இல்லை. எனவே, வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்குவதில் இந்தப் பெட்டிகளுக்கே பெரும்பங்கு உண்டு. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு எனப் பல அடுக்குகளால் ஆன அவற்றின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. வெளித்தகடு நன்றாக இருக்கும்போதே உள்ளே துரு பரவியிருக்கலாம். ஜாக்கியால் வண்டியை உயர்த்தும்போது கதவைத் திறந்து மூடுவது கடினமானால், சில் பலமிழந்துவிட்டது என்று ஐயுற வேண்டும்.

அத்தகைய வண்டியை ஓட்டக்கூடாது. பழைய தகட்டை வெட்டி எடுப்பதற்குமுன், கதவு இருக்கும் இடைவெளியின் குறுக்கே இரும்புத் தண்டைப் பொருத்தி உடற்கூட்டை நிலைநிறுத்த வேண்டும். இல்லையென்றால், வண்டி வளைந்த நிலையிலேயே புதிய தகடு பற்றவைக்கப்பட்டுவிடும். அதன்பின் கதவு என்றுமே சரியாகப் பொருந்தாது. பற்றவைத்த பிறகு பெட்டியின் உட்புறத்தில் மெழுகுக் கலவையைத் தெளித்து, நீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வேலையைத் தொழிலறிந்தவரிடம் ஒப்படைப்பவரும் உண்டு; மாலை நேர வகுப்புக்குச் சென்று பற்றவைக்கக் கற்றுக்கொள்பவரும் உண்டு. தன்னால் எது முடியும், எது முடியாது என்று அறிவதும் திறமையே.

எதை மாற்றுவது? எதை விடுவது?

1988ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்' என்னும் நிறுவனம் வியப்பான ஒரு செயலைச் செய்தது. எம்.ஜி.பி.யின் தகடுகளை அழுத்தி உருவாக்கப் பயன்பட்ட பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, முழு உடற்கூட்டையே மீண்டும் புதிதாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. துருவால் முற்றாக அழிந்த வண்டியின் இயந்திரம், அச்சுத்தண்டு, இருக்கை ஆகியவற்றைக் கழற்றிப் புதிய கூட்டில் பொருத்திவிடலாம் என்ற நிலை வந்தது.

இது பல வண்டிகளுக்கு வாழ்வளித்தது. அதோடு ஒரு கேள்வியையும் எழுப்பியது. உடல் முழுவதும் புதியதான பிறகும் அது அதே பழைய வண்டிதானா? பழைய தகட்டில் ஓட்டை விழுந்த பகுதியை மட்டும் வெட்டி, ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவதே சரி என்பர் சிலர். பாதுகாப்பாக ஓட முடியாத வண்டியில் பழமை இருந்து என்ன பயன் என்பர் வேறு சிலர். இரண்டு தரப்பினரும் வண்டியின் மீதுள்ள அன்பினாலேயே வாதிடுகின்றனர்.

படிப்படியாகச் சீரமைப்போர் இதற்கு ஒரு நடுவழியைக் காண்கின்றனர். பாதுகாப்புக்குரிய பாகம் பழுதானால் தயங்காமல் மாற்றுகின்றனர். மற்றப் பாகங்களை, பயன்படும் வரை விட்டுவைக்கின்றனர். பல கைகள் பிடித்து வழவழப்பான சுக்கானும், வெயிலில் வெளுத்த தோல் இருக்கையும் அந்த வண்டி கடந்துவந்த காலத்தின் சான்றுகள். அவற்றைப் புதுப்பிக்கக் கடையில் பொருள் கிடைக்கும். அந்தக் காலத்தைத் திரும்பப் பெற முடியாது.

செலவும் பொறுப்பும்

பழைய மகிழுந்தைச் சீரமைப்பது இலாபம் தரும் தொழில் என்று எண்ணுவது பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடியும். ஓர் எம்.ஜி.பி.யை முழுமையாகச் சீரமைக்க ஆகும் செலவு, அதன் விற்பனை விலையைத் தாண்டிவிடுவது உண்டு. பாகங்களைவிட உழைப்புக்கே கூலி அதிகம். ஆகவேதான், உரிமையாளர்கள் தாமே வேலையைக் கற்றுக்கொள்கின்றனர். 1930ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எம்.ஜி. மகிழுந்துக் கழகம் போன்ற அமைப்புகள் அவர்களுக்குத் துணை நிற்கின்றன. ஒருவருக்கு எழும் ஐயத்தை, அதே பழுதை முன்பே பார்த்த இன்னொருவர் தீர்த்துவைக்கிறார்.

சட்டமும் இவ்வண்டிகளுக்குச் சலுகை அளிக்கிறது. பிரிட்டனில் பொதுவாக மூன்று வயதைக் கடந்த மகிழுந்துகள் ஆண்டுதோறும் பரிசோதனையில் தேற வேண்டும். 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத, நாற்பது வயதைக் கடந்த வண்டிகளுக்கு அந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆயினும், சாலையில் செல்லத் தகுதியான நிலையில் வண்டியை வைத்திருக்கும் கடமை உரிமையாளருக்கு உண்டு. பரிசோதகர் பார்க்காத பிரேக்கை அவரே பார்த்தாக வேண்டும். சாலையில் எதிரே வருபவரின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. இதை உணர்ந்த பலர், கட்டாயம் இல்லாதபோதும் ஆண்டுதோறும் தம் வண்டியைத் தாமே முன்வந்து பரிசோதனைக்கு உட்படுத்துகின்றனர்.

பொறுப்புள்ள உரிமையாளர் ஒரு குறிப்பேட்டையும் வைத்திருப்பார். நாள், ஓடிய தூரம், செய்த வேலை, மாற்றிய பாகம் ஆகியவற்றை அதில் எழுதிவருவார். முன்சக்கர மூட்டுகளுக்கு மசகு எப்போது இடப்பட்டது, பிரேக் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பனவெல்லாம் அதில் இருக்கும். வண்டி கைமாறும்போது குறிப்பேடும் உடன் செல்லும். புதிய உரிமையாளர் அதைப் புரட்டிப் பார்த்து, முன்னவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார். ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் எம்.ஜி.பி. ஓடிக்கொண்டிருப்பது, இவ்வாறு ஒருவர்பின் ஒருவராகப் பலர் அதைப் பேணிவருவதால்தான்.